நூறு மணிக்கு ஒருமுறை

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பட்டறையில் என் கையில் ஸ்பானர் தரவில்லை. தடித்த நோட்டு ஒன்றும் பேனாவும் தந்தார்கள். கொட்டகையில் வரிசையாக நின்ற ஆறு புல்வெட்டும் மிஷின்களின் மீட்டரையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். 2011 மார்ச் மாதம் அது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, பட்டுக்கோட்டையில் நான்கு வருடம் டிராக்டர் வேலை பார்த்துவிட்டு, கடன் வாங்கி விமானம் ஏறியவன் நான். எண் எழுதவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நெஞ்சு கனத்தது. எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறையின் மூத்த மெக்கானிக் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி வருபவர். விடியும் முன்னே கிளம்பினால்தான் எல்லைப் பாலத்து நெரிசலில் சிக்காமல் வரலாம். மலேசியத் தமிழர். இளவயதில் எஸ்டேட்டில் டிராக்டர் பார்த்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"1846ன்னு போட்டிருக்கியே, புள்ளிக்குப் பின்னால என்ன?"

"அதை எழுதலண்ணே."

"அதையும் எழுது தம்பி. அந்தக் கடைசி எண்ணு ஆறு நிமிசத்துக்கு ஒரு தடவ நகரும். மிஷினு நம்மகிட்ட பேசறது அது ஒண்ணுதான்."

திரும்பப் போய் ஆறு மிஷினுக்கும் புள்ளிக்குப் பின்னாலிருந்த எண்ணையும் எழுதி வந்தேன். அடுத்த ஒன்பது வருடமும் அந்த நோட்டை எழுதியது நான்தான்.

அந்த மிஷின்களைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் சாலையோரம் முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு, முகத்தில் வலை மாட்டி, இப்படியும் அப்படியும் வீசிப் புல் வெட்டும் நம் ஆட்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மரத்தடி, சரிவு, கால்வாய் ஓரம் எல்லாம் அவர்கள் வேலை. பெரிய திடல்களில் மட்டும் ஏறி உட்கார்ந்து ஓட்டும் மிஷின். எங்களிடம் இருந்தவற்றுக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிகள் இருக்கும். இடது கைப்பிடி இடது சக்கரத்துக்கு, வலது வலதுக்கு. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினால் மிஷின் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் ஓட்டுகின்றன. அடிவயிற்றில் கவிழ்த்த தொட்டி போல ஓர் இரும்புக் கூடு. அதை டெக் என்போம். அதற்குள் மூன்று பிளேடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிண்டில், மூன்றையும் சுற்றிவரும் ஒரு பெல்ட். பின்பக்கம் காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்.

அலமாரியில் அந்த மிஷினின் கையேடு இருந்தது. ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். இரவில் டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அகராதி வைத்துப் படித்தேன். பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: நூறு மணி அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது. அதற்கடுத்து, குளிர்காலத்துக்கு மிஷினை எடுத்துவைப்பது எப்படி என்று ஒன்றரைப் பக்கம். பெட்ரோலை வடித்துவிடு, பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் வை, பிளேடுகளைக் கழற்றிச் சாணை பிடித்து எண்ணெய் தடவி வை, பெல்ட்டுகளைப் பார், பெயின்ட் உரிந்த இடத்தில் பெயின்ட் அடி.

இதை அண்ணனிடம் கேட்டபோது அவர் எழுந்து வெளியே வந்து திடலைக் காட்டினார். "இங்க குளிர்காலம் எங்க இருக்கு? பனி பெய்யற நாட்டுக்காரனுக்கு நாலு மாசம் மிஷினு தூங்கும். அவன் அப்ப எல்லாத்தையும் பாத்துப்பான். நமக்கு அந்த நாலு மாசத்த யாரும் தர மாட்டாங்க. நாமதான் வெட்டி எடுக்கணும்."

பூமத்திய ரேகைக்குச் சற்று மேலே இருக்கும் தீவு அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புல் ஒருநாளும் வளராமல் இருப்பதில்லை. அங்கே பெரும்பாலான இடங்களில் இருப்பது அகன்ற இலையுள்ள மாட்டுப்புல். பூட்ஸால் மிதித்தாலே நீர் விடும். வெட்டினால் பச்சைக் கூழாகி டெக்கின் உட்புறம் அப்பிக்கொள்ளும். எங்கள் மிஷின் ஒவ்வொன்றும் நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் ஓடியது. கையேடு எழுதியவர் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று நினைத்த நூறு மணி எங்களுக்கு மூன்று வாரத்தில் வந்துவிடும். ஓர் ஆண்டில் 1,800 மணி. நான் முதல் நாள் பார்த்த 1,846 மணி மிஷின் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அதனால் எங்கள் பட்டறையில் தேதிக்கு வேலையே இல்லை. கன்டெய்னர் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. மேலே ஆறு மிஷினுக்கும் ஆறு கட்டம். பக்கவாட்டில் வேலைகள். கட்டத்துக்குள் எழுதுவது அடுத்து எந்த மணியில் அந்த வேலை வரும் என்ற எண். மூன்றாம் மிஷின், எஞ்சின் ஆயில்: 1,900. அவ்வளவுதான். மீட்டர் அந்த எண்ணை நெருங்கப் பத்து மணி இருக்கும்போது அண்ணன் அதைச் சிவப்பால் வட்டமிடுவார்.

எஞ்சின் ஆயில் நூறு மணிக்கு ஒருமுறை. ஆயில் ஃபில்டர் இருநூறுக்கு. இரண்டு லிட்டர் சொச்சம்தான் அதில் பிடிக்கும். தண்ணீரால் குளிரும் எஞ்சின்போல் இதற்கு ரேடியேட்டர் கிடையாது. அந்த இரண்டு லிட்டர்தான் சூட்டையும் தாங்க வேண்டும், தேய்மானத்தையும் தடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிய காலத்தில் அப்பா கம்பியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, கருத்திருந்தால் மாற்றலாம் என்பார். பெரும்பாலும் அதோடு கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி ஓட்டிவிடுவார். அதைத்தான் நானும் பழகியிருந்தேன். பட்டறையில் ஒருநாள் அப்படி விரலில் தொட்டுப் பார்த்து, "இன்னும் நல்லாத்தான் இருக்குண்ணே" என்றேன். "நிறத்த வச்சு ஆயிலுக்கு வயசு சொல்ல முடியாது. மணி என்ன?" என்றார். மணி 1,903. வடித்தோம்.

நூறு மணி வேலையில் இன்னொன்று உண்டு. அதை நான் பார்த்த மற்ற பட்டறைகளில் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள், ஏனென்றால் வெளியே தெரியாது. எஞ்சின்மேல் இருக்கும் தகர மூடியைக் கழற்றி, உள்ளே சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளைச் சுத்தம் செய்வது. விசிறி இழுக்கும் காற்று அந்தத் தகடுகளுக்கிடையே ஓடினால்தான் எஞ்சின் குளிரும். காற்றோடு புல்தூளும் போகிறது. முதன்முதலில் நான் மூடியைக் கழற்றியபோது தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் வறட்டி தட்டி ஒட்டியது போல இறுகிக் கிடந்தது. மரக்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். ஒரு பக்க சிலிண்டர் முழுக்க மூச்சுத் திணறிக்கொண்டு ஓடியிருக்கிறது. மேலே பார்த்தால் பளபளவென்று இருந்த மிஷின் அது.

ஏர் ஃபில்டர் 250 மணி என்று கையேடு சொல்லும். வெயில் காய்ந்து தூசி பறக்கும் வாரங்களில் நாங்கள் பாதியிலேயே பார்ப்போம். பிளக்கை நூறு மணிக்கு ஒருமுறை கழற்றி 0.75 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது. 300 மணிக்கு டேப்பட். இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் அறிந்தவை, நீட்டவில்லை. ஹைட்ராலிக் ஆயிலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் மிஷினில் அது 400 மணிக்கு ஒருமுறை. சக்கரங்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதே ஆயில்தான். ஆயில் பழசாகிச் சூட்டில் இளகினால் மேட்டில் ஏற இழுவை குறையும், சரிவில் பிடிப்பும் குறையும். மாற்றி முடித்ததும் வேலை முடியாது. ஃபில்டரிலும் குழாயிலும் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடிகளை மெதுவாக முன்னும் பின்னும் ஐந்தாறு முறை தள்ள வேண்டும். காற்று இருக்கும்வரை பம்ப் முனகும். முனகல் அடங்கியபின் ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். இதில் அவசரப்பட்டவன் கையில் புது பம்ப் ஒன்று கெட்டதை அண்ணன் பார்த்திருக்கிறார்.

இவ்வளவு வேலைக்கும் நாள் எங்கே? வேலைக்கு ஐந்து மிஷின் போதும், எங்களிடம் ஆறு இருந்தது. நான்கைந்து வருடம் முதலாளியோடு மல்லுக்கட்டி அந்த ஆறாவதை வாங்க வைத்ததாக அண்ணன் சொன்னார். ஒவ்வொரு மிஷினுக்கும் 400 மணி ஏறத்தாழ பதினோரு வாரத்தில் வரும். ஆறையும் ஒரே சமயத்தில் வரவிடாமல் மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு வாரத்துக்கு ஒரு மிஷின் இரண்டு நாள் கொட்டகையில் நிற்கலாம். அந்த இரண்டு நாளில் டெக்கைக் கழற்றி, ஒட்டிய புல்லைச் சுரண்டி, துரு எடுத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பேரிங் உறுமுகிறதா என்று பார்த்து, பெல்ட்டைத் திருப்பி வெடிப்பு தேடி, பெயின்ட் அடித்து முடித்துவிடலாம். பனி நாட்டுக்காரரின் நான்கு மாதத்தை அண்ணன் இரண்டிரண்டு நாளாக நறுக்கி வருடம் முழுக்கத் தூவியிருந்தார். அந்தப் பலகையை நான் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து பட்டறைத் தொழிலில் அதைவிட அழகான காரியத்தை நான் பார்த்ததில்லை.

இனி பிளேடு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

புல்வெட்டும் மிஷினை முதலில் செய்தவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். 1830இல் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்பிசிறைச் சீவி எடுக்கும் மில் இயந்திரத்தைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பட்டிங்கின் மிஷினில் உருளையில் சுற்றிய கத்திகள் ஒரு நிலையான கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்கும். கோல்ஃப் மைதானங்களில் இன்றும் அந்த வகை உண்டு. எங்கள் மிஷினில் இருப்பது வேறு. பிளேடு தனியே சுழலும், எதிர்க்கத்தி கிடையாது. வேகத்தால் மட்டுமே புல்லை அறுக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் அது மணிக்கு 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில், வீடுகளுக்கு நடுவே, அந்த வேகத்தில் ஒரு இரும்புப் பட்டை சுழல்கிறது.

பதம் போன பிளேடு புல்லை அறுக்காது, பிய்க்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் புல்லின் நுனியெல்லாம் வெளுத்துப் பழுப்பேறி நிற்கும். அதனால் வாரம் இருமுறையாவது பிளேடைக் கழற்றிச் சாணை பிடிப்போம். முதலில் பிளக் வயரைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றாமல் டெக்குக்குள் கைவிட்டால் அண்ணன் அன்று முழுக்கப் பேசமாட்டார். பழைய சாய்விலேயே தீட்ட வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் உரம் போய்விடும். பிறகு நடுத்துளையைச் சுவரிலிருக்கும் ஆணியில் மாட்டி விட வேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை. சமமில்லாத பிளேடு மிஷினையே நடுங்க வைத்துப் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிளேடின் பின்விளிம்பு சிறகு போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சுழலும்போது காற்றை மேலே இழுக்கும். படுத்த புல் எழுந்து நிற்பதும், வெட்டிய புல் பக்கவாட்டு வாயில் வழியே வெளியே பறப்பதும் அந்தச் சிறகால்தான். மணல் கலந்த மண்ணில் ஓட்டினால் காற்றோடு மணலும் எழும்பி, தட்டைப் பகுதியும் சிறகும் சேரும் வளைவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மெலியச் செய்யும். வெட்டும் விளிம்பு நன்றாகவே இருக்கும், வளைவு மட்டும் தேய்ந்துகொண்டே வரும். ஒருநாள் அங்கே கீறல் விழும்.

2013 ஜனவரி. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் மழை. மழை நாளில் நின்ற வேலையை மழை விட்ட நாளில் எட்டு மணி, ஒன்பது மணி என்று ஓட்டி ஈடுகட்டிக்கொண்டிருந்தோம். முழங்கால் உயரம் வளர்ந்த ஈரப்புல். பலகையில் சிவப்பு வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. தைப்பூசத்துக்காக அண்ணன் ஊரில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நான்தான் நான்காம் மிஷினின் பிளேடுகளைச் சாணை பிடித்தேன். புதிதாக மண் கொட்டிப் புல் பதித்த ஒரு வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டையில் அது ஓடிக்கொண்டிருந்தது. வலது பிளேடின் வளைவில் மெலிவு தெரிந்தது. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை விழவில்லை. புது பிளேடு ஆர்டர் போட்டிருந்தார்கள், வந்து சேரவில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "திங்கக்கிழமை அந்தப் பேட்டையை முடிச்சாகணும். ஒரு நாள் ஓடாதா?" என்று கேட்டார்.

"ஓடும் சார்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. என் வேலை பெர்மிட் அந்தக் கம்பெனியோடு கட்டியது. வந்த கடனில் பாதி இன்னும் பாக்கி. சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இதெல்லாம் காரணம்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாலர் பள்ளி. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் போல நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவன் பிளேடை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறான். அப்படித்தான் பழக்கியிருந்தோம். அவர்கள் போய் மறைந்ததும் மறுபடி பிளேடை ஓட்டினான். பத்தடிகூட நகரவில்லை. துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். மிஷின் குதித்தது. சிறகு உடைந்து பக்கவாட்டு வாயில் வழியே பறந்து, நிறுத்தியிருந்த ஒரு வேனின் கதவைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் சீட்டில் செருகி நின்றது. நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கிழிசலுக்குள் என் கை நுழைந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரம். அந்த உயரம் எவ்வளவு என்று என் மகளை வைத்து எனக்குத் தெரியும். அப்போது அவளுக்கு நான்கு வயது.

யாருக்கும் அடிபடவில்லை. வேன்காரருக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. விசாரணை நடந்தது. நான் சனிக்கிழமை பார்த்ததைச் சொன்னேன். அன்றிரவு என்னால் சாப்பிட முடியவில்லை.

அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்தார். உடைந்த பிளேடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கிழம இதப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"நோட்டுல எழுதுனியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னால முடியாதுன்னு சொல்ல முடியாது தம்பி. தெரியும். நானும் எஸ்டேட்ல அப்படித்தான் இருந்தேன். அதுக்குத்தான் நோட்டு. நீ எழுதியிருந்தா நோட்டு சொல்லியிருக்கும்."

அன்று அந்த உடைந்த பிளேடைப் பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கீழே மிஷின் எண்ணையும் மீட்டர் காட்டிய மணியையும் எழுதினார். பிறகு முதலாளியிடம் போய் ஒரு விதி வாங்கிவந்தார். சிவப்பு அட்டை மாட்டிய மிஷினை அதை மாட்டியவர் தவிர வேறு எவரும், சூப்பர்வைசரே ஆனாலும், எடுக்கக் கூடாது. அட்டையில் காரணம், மணி, கையெழுத்து. அட்டையைச் சாவியில் யார் மாட்டலாம் என்பதற்கு ஒரே பதில்: மிஷினைத் தொடும் எல்லோரும் மாட்டலாம். நேற்று வந்த பையனும் மாட்டலாம். அதன்பின் பிளேடுக்கும் பலகையில் ஒரு வரிசை வந்தது. மணல் மண்ணில் ஓடும் மிஷினுக்குப் பிளேடு பார்க்கும் மணியைப் பாதியாக்கினோம். அலமாரியில் எப்போதும் இரண்டு செட் புது பிளேடு இருக்க வேண்டும் என்றும் எழுதினோம்.

அதுவரை அட்டவணையை மிஷினுக்கான ஏற்பாடாகவே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி 1,900 என்று எழுதி, மீட்டரும் 1,900 காட்டினால், "இன்னிக்கு ஓடாதா?" என்று கேட்பவர் அந்த எண்ணைத் தாண்டித்தான் கேட்க வேண்டும். கடன்பட்டு வந்த ஒரு பையன் வாய் திறந்து மறுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவன் சுவரைக் காட்டினால் போதும்.

பட்டறைக்கு வெளியே இன்னொரு சண்டை இருந்தது. ஓட்டுகிறவர் தினமும் காலையில் கிளப்பும் முன் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மட்டமான தரையில் நிறுத்தி ஆயில் பார்ப்பது, டயர் காற்று, பிளேடு போல்ட், விசிறி வலையில் அடைந்த புல், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச். பிளேடு ஓடும்போது சீட்டைவிட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும், அதற்குத்தான் அந்த சுவிட்ச். குலுக்கலில் அடிக்கடி எஞ்சின் நிற்கிறதென்று சில இடங்களில் அதைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய மிஷினில் ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு நிற்காது. டயர் காற்று சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு பக்கம் காற்று குறைந்தால் டெக் சாய்ந்து, திடல் முழுக்கப் படிப்படியாக வெட்டுப்பட்டு நிற்கும். பிறகு மிஷின் சரியில்லை என்று பட்டறைக்கு வரும்.

மாலையில் இன்னொரு பத்து நிமிடம். சைலன்ஸர் பக்கம் கிடக்கும் காய்ந்த புல்லை ஊதித் தள்ள வேண்டும், இல்லையென்றால் அது தீப்பிடிக்கும். ஊதத்தான் வேண்டும், பீய்ச்சித் தண்ணீர் அடிக்கக் கூடாது. அழுத்தத் தண்ணீர் ஸ்பிண்டில் சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் போய்விடும். வெளியே பளிச்சென்று கழுவிய மிஷின்களில்தான் எங்களுக்கு அதிகப் பேரிங் போயிற்று. மேலே போர்த்தும் தார்ப்பாயின் மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் உதறிவிட வேண்டும். கொசு முட்டையிட்டால் டெங்கி.

இந்த இருபது நிமிடமும் சம்பள நேரத்தில் இல்லாமல் இருந்தது. லாரி வந்து இறங்கியதும் புல் வெட்ட ஆரம்பித்தால்தான் வேலை ஆரம்பித்ததாகக் கணக்கு. மிஷினுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பிளேடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை மாடியிலிருந்து யாரோ படமெடுத்து, வேலைக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று புகார் அனுப்பியதும் நடந்தது. அந்தப் படம் என் கைக்கும் வந்தது. அவர் கையில் இருந்தது காற்று பார்க்கும் கேஜ். அண்ணன் அந்தப் படத்தையும் நோட்டையும் முதலாளி மேசைமேல் வைத்தார். காலைப் பத்து, மாலைப் பத்து, இரண்டும் வேலை நேரம்தான் என்று முடிவாக ஒரு வருடம் பிடித்தது. முடிவானபின் பட்டறைக்கு வந்த அவசரப் பழுதுகள் கண்கூடாகக் குறைந்தன. நோட்டில் அந்தப் பக்கங்கள் மெலிந்துகொண்டே போனது எனக்குத் தெரியும், எழுதியவன் நான்தான்.

அண்ணன் 2017இல் வேலையைவிட்டுப் போனார். இடுப்பு வலி, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்க முடியவில்லை. போகும் நாளில் எனக்குக் கொடுத்தது பலகையில் வட்டமிடும் சிவப்புப் பேனா. நான் இன்னும் மூன்று வருடம் இருந்தேன். 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது நான்காம் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒருமுறை மாறியிருந்தது, டெக் ஒருமுறை, பிளேடுகள் எத்தனை என்று நோட்டில் இருக்கிறது.

இப்போது பட்டுக்கோட்டைச் சாலையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தை, மாசியில் நெல் அறுக்கும் மிஷின்கள் டெல்டா முழுக்க இரவு பகலாக ஓடும். அவற்றிலும் அதே மணி மீட்டர் இருக்கிறது. அறுவடைக் கூலி மணிக்கு இவ்வளவு என்பதால் வயல்காரரும் மிஷின்காரரும் இரண்டு பேரும் வந்து குனிந்து அந்த மீட்டரைப் பார்க்கிறார்கள். பணத்துக்காக மட்டும் பார்க்கிறார்கள். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், போன போகம் என்கிறார்கள். ஓட்டும் பையன் மூன்று நாள் தூங்கியிருக்க மாட்டான். பெல்ட் வெடித்திருப்பது அவனுக்குத் தெரியும், சொல்லமாட்டான்.

என் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மிஷினிலும் மீட்டருக்குப் பக்கத்தில் அடுத்த ஆயில் எந்த மணியில் என்று சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதி அனுப்புகிறேன். மிஷின் வைத்திருப்பவர்கள் அதை அழிக்க வேண்டாம். அந்த மணி வரும்போது உங்கள் பையன் வயலில் மிஷினை நிறுத்திவிட்டு அந்த எண்ணைக் காட்டினால், அவனைத் திட்டாதீர்கள்.